எனர்ஜி டிரிங்க்: சுவை, சேர்மானம், கேன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எந்த எனர்ஜி டிரிங்க் நல்லது?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைச் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். எது வாய்க்குப் பிடிக்கும், எதற்குள் என்ன இருக்கிறது, எந்தக் கேன் வசதி. சில வருடங்களாகக் கேன்களை வரிசையாக வைத்துச் சுவைத்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளை நோட்டில் எழுதி வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பெயருள்ள பானம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அதனால் இங்கே உள்ள எண்களுக்கும் உங்கள் கையில் இருக்கும் கேனுக்கும் வித்தியாசம் இருந்தால், கேனில் இருப்பதையே நம்புங்கள்.

எனர்ஜி டிரிங்க்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் ஒன்றுதானே?

இல்லை. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வியர்வையில் போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவதற்காக வந்தது. 1965இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காக உருவான கேட்டரேட் அந்த வகை. அதில் காஃபின் கிடையாது. எனர்ஜி டிரிங்க்கின் வேலை தூக்கத்தைத் தள்ளிப்போடுவது. ஓடி முடித்துத் தாகத்தில் இருக்கும்போது எனர்ஜி டிரிங்க்கை எடுப்பது தவறான பாட்டிலை எடுப்பதுதான்.

இரண்டு கேன்களை ஒப்பிடும்போது முதலில் எதைப் பார்ப்பது?

கேனின் அளவை. சேர்மானப் பட்டியலில் எழுதாத சேர்மானம் அதுதான் என்று நான் சொல்வேன்.

ரெட் புல்லின் வழக்கமான 250 மி.லி. கேனில் 80 மி.கி. காஃபின் இருக்கிறது. மான்ஸ்டரின் 500 மி.லி. கேனில் 160 மி.கி. இதைப் பார்த்ததும் "மான்ஸ்டர் இரண்டு மடங்கு ஸ்ட்ராங்" என்று பலரும் சொல்வார்கள். 100 மி.லி.க்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் சரியாக 32 மி.கி.தான் வரும். பானத்தின் அடர்த்தி ஒன்றே. பெரிய கேனைத் திறந்தவர் அதை முடித்துவிடுகிறார் என்பதுதான் வித்தியாசம். மூடி போட முடியாத கேனைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

புதிதாக வந்த சில பானங்களில் அடர்த்தியே வேறு. செல்சியஸ், பிரைம் எனர்ஜி ஆகியவற்றின் அமெரிக்கக் கேன் 355 மி.லி., அதில் காஃபின் 200 மி.கி. 100 மி.லி.க்கு சுமார் 56 மி.கி. ஆகிறது. பார்வைக்கு மான்ஸ்டரைவிடச் சின்னக் கேன், உள்ளே அதைவிட அதிகம். அதனால் இரண்டு எண்களையும் பாருங்கள்: 100 மி.லி.க்கு எவ்வளவு, முழுக் கேனுக்கு எவ்வளவு. முதல் எண் பானத்தைப் பற்றிச் சொல்லும். இரண்டாவது எண் உங்கள் உடம்புக்குள் போகப்போவதைச் சொல்லும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு காஃபின் வரை போகலாம்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீடு இதற்கு நல்ல அளவுகோல். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே வேளையில் 200 மி.கி., நாள் முழுவதும் சேர்த்து 400 மி.கி. வரை பிரச்சினை இல்லை. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200 மி.கி. குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மி.கி. என்று கணக்கு. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 120 மி.கி. ஆகிறது. 500 மி.லி. கேன் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாம் இதே கணக்கில் சேரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காபியைவிட இது வலுவானதா?

240 மி.லி. கறுப்புக் காபியில் ஏறக்குறைய 95 மி.கி. காஃபின் இருக்கும். ரெட் புல்லின் சின்னக் கேனைவிட அது கொஞ்சம் அதிகம். பிறகு ஏன் கேன் மட்டும் தூக்கிவாரிப் போடுகிறது? குடிக்கும் வேகம் ஒரு காரணம். சூடான காபியை ஊதி ஊதிக் குடிக்கிறோம், கால் மணி நேரம் ஆகிறது. ஜில்லென்று இனிப்பாக இருப்பதை நாலே மடக்கில் முடித்துவிடுகிறோம். கசப்பும் சூடும் இயற்கையாகவே ஒரு தடை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டதுதான் எனர்ஜி டிரிங்க்.

எல்லா பிராண்டும் ஏன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது? அந்தச் சுவை எங்கிருந்து வந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்தச் சுவைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது.

ஜப்பானில் தைஷோ என்ற மருந்து நிறுவனம் 1962இல் லிபோவிட்டான் டி என்ற பானத்தைக் கொண்டுவந்தது. 100 மி.லி. பழுப்புக் கண்ணாடி பாட்டில். உள்ளே 1000 மி.கி. டாரின் (நம் உடம்பிலும் இறைச்சியிலும் இருக்கும் ஒரு பொருள்), 50 மி.கி. காஃபின், கூடவே பி வைட்டமின்கள். பார்த்தால் இருமல் மருந்து போலத்தான் இருக்கும். இந்த வகை டானிக் ஆசியாவில் பரவியபோது, தாய்லாந்தில் சாலியோ யூவித்யா 1970களில் தன்னுடைய பானத்தை உருவாக்கினார். பெயர் க்ராட்டிங் டேங், சிவப்புக் காட்டெருது என்று பொருள். அதில் கேஸ் கிடையாது, இனிப்பு தூக்கல், பாகு போல நாக்கில் படியும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிச் மாட்டெஷிட்ஸ் அதைத் தாய்லாந்தில் குடித்துப் பார்த்து, யூவித்யாவுடன் கூட்டுச் சேர்ந்து, ஐரோப்பிய நாக்குக்கு ஏற்ப இனிப்பைக் குறைத்து கேஸ் ஏற்றி, 1987இல் ஆஸ்திரியாவில் ரெட் புல் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்.

ஆக, நாம் "எனர்ஜி டிரிங்க் டேஸ்ட்" என்று சொல்வது மருந்துக் கடை டானிக்கின் சுவைக்கு மிட்டாய்ச் சட்டை மாட்டியது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சுவையையே இந்த வகையின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். 2001இல் வந்த ராக்ஸ்டாரும் 2002இல் வந்த மான்ஸ்டரும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பழச்சுவை, சர்க்கரை இல்லாத வெள்ளைக் கேன், கேஸ் இல்லாதது என்ற கிளைகள் எல்லாம் பிறகு வந்தவை.

குடித்ததும் மாத்திரை கரைத்த மாதிரி ஒரு சுவை வருகிறதே, அது என்ன?

முக்கியமான குற்றவாளி காஃபின். தனியாக எடுத்தால் அது வெறும் கசப்பு. பி வைட்டமின்களும் வாய்க்கு இதமானவை கிடையாது. பி1 சேர்த்தால் ஈஸ்ட் போன்ற ஒரு வாடை வரும். இதையெல்லாம் மறைக்கத்தான் இனிப்பும் புளிப்பும் பழ வாசனையும். சிட்ரிக் அமிலம் நாக்கில் பட்டதும் சுள்ளென்று ஏறி உடனே இறங்கும். மாலிக் அமிலம் மெதுவாக ஏறி, நின்று இறங்கும். இரண்டையும் சேர்த்தால் கசப்பு தலைகாட்டும் நேரம் முழுவதும் புளிப்பு மேலே நிற்கும்.

பழ வாசனைக்கு மிட்டாய்த் தயாரிப்பில் பயன்படும் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருட்கள் இருக்கின்றன. ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழத்தையும், எத்தில் பியூட்டிரேட் அன்னாசியையும் நினைவூட்டும். எந்த பிராண்டில் எது என்று லேபிள் சொல்லாது, "சுவையூட்டிகள்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும்.

வீட்டில் ஒழுங்காக ஒப்பிட்டுச் சுவைப்பது எப்படி?

கேனில் வாய் வைத்துக் குடித்தால் ஒப்பீடே நடக்காது. மூக்கு வெளியே நிற்கிறது, கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை, உதடு உலோகத்தில் படுகிறது. நான் செய்வது இப்படி.

கேன்களை ஒரே இரவு ஒரே தட்டில் குளிர வைக்கிறேன். ஒரே மாதிரியான நாலு கண்ணாடி டம்ளர்களில் ஒவ்வொன்றிலும் 30 மி.லி. ஊற்றுகிறேன். டம்ளரின் அடியில் பெயர் எழுதிய சீட்டை ஒட்டிவிட்டு, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்கிறேன். முதலில் நிறம். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் ஒன்று வெளிறிய தேன் நிறமாக இருக்கும், இன்னொன்று பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். அந்த மின்னல் பெரும்பாலும் ரைபோஃபிளேவின், அதாவது பி2. அப்புறம் வாசனை. அதன் பிறகுதான் ஒரு மடக்கு. வாயில் மூன்று விநாடி வைத்து விழுங்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி இனிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுகிறேன். அடுத்ததற்கு முன் வெறும் தண்ணீர்.

இதோடு நிறுத்தாதீர்கள். அதே டம்ளர்களை இரண்டு மணி நேரம் மேசையிலேயே விட்டுவிட்டு மறுபடி சுவைத்துப் பாருங்கள். குளிர் போய்விட்டது, கேஸ் போய்விட்டது. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். கேஸ் இருக்கும்போது கார்பானிக் அமிலத்தின் சுர்ரென்ற குத்தல் இனிப்பை வெட்டும். இரண்டும் விலகிய பிறகு பானத்தின் உண்மையான எலும்பு தெரியும். ஒருமுறை குளிரில் சுவைத்த எல்லோரும் ரசித்த ஒரு பானத்தை, குளிர் போன பிறகு ஒருவரும் இரண்டாவது மடக்கு எடுக்கவில்லை. நல்ல சமநிலையில் செய்த பானம் கேஸ் இறங்கிய பிறகும் குடிக்கக்கூடியதாகவே இருக்கும். சுவையில் நான் தரும் மதிப்பெண்ணில் பாதி இந்த இரண்டாவது சுற்றுக்குத்தான்.

நாலு டம்ளரையும் சேர்த்து 120 மி.லி. மட்டுமே குடிக்கிறோம் என்பதால் காஃபின் கணக்கும் கைக்குள் இருக்கும்.

சர்க்கரை இல்லாத வகையில் ஏன் பின்சுவை ஒட்டிக்கொண்டே இருக்கிறது?

சர்க்கரை நாக்கில் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். அதன் இடத்தில் வரும் இனிப்பூட்டிகள் எதுவும் அந்த நேரக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை. சுக்ரலோஸ் சர்க்கரையைவிட 600 மடங்கு இனிப்பு. ஆனால் தாமதமாக வந்து, போகமாட்டேன் என்று உட்காரும். அசெசல்ஃபேம் பொட்டாசியம் சுமார் 200 மடங்கு இனிப்பு. அது சீக்கிரம் வரும், அளவு கூடினால் உலோகம் நக்கியது போல ஒரு கசப்பு தரும். அதனால்தான் இரண்டையும் கலக்கிறார்கள். ஒன்று முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்றொன்று பின்பக்கத்தை. சிலர் எரித்ரிட்டால் சேர்ப்பார்கள். அதற்குச் சர்க்கரையின் இனிப்பில் முக்கால் பங்குகூட இல்லை, ஆனால் வாயில் மெல்லிய குளிர்ச்சியைத் தரும். வெள்ளைக் கேன்களின் "லைட்டான" உணர்வு பாதி அதனால் வருவது.

இன்னொன்றும் உண்டு. 100 மி.லி.யில் 11 கிராம் சர்க்கரை இருந்தால் பானத்துக்கு ஒரு கனம் வருகிறது. மில்லிகிராம் கணக்கில் சேரும் இனிப்பூட்டியால் அந்தக் கனத்தைத் தர முடியாது. சுகர்-ஃப்ரீ பானம் "தண்ணியாக" இருக்கிறது என்று சொல்பவர்களின் நாக்கு பொய் சொல்லவில்லை.

சர்க்கரை உள்ள கேன் என்றால் இனிப்பூட்டி இருக்காது என்றும் நினைத்துவிட வேண்டாம். மான்ஸ்டரின் அசல் வகையில் சர்க்கரையும் உண்டு, சுக்ரலோஸும் உண்டு. பச்சை எழுத்துக் கேனின் இனிப்பு ஏன் நீண்டு நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்தப் பட்டியலை வாசித்த நாளில்தான்.

அஸ்பார்டேம் சேர்த்த பானத்தில் ஃபினைல்அலனின் பற்றிய எச்சரிக்கை இருக்கும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த வரி மிக முக்கியம்.

சர்க்கரை உள்ள கேனில் அது எவ்வளவு?

250 மி.லி. ரெட் புல்லில் 27 கிராம், ஏறக்குறைய ஏழு டீஸ்பூன். 500 மி.லி. மான்ஸ்டரில் சுமார் 55 கிராம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சின்னக் கேன் இரண்டாவது எல்லையைத் தாண்டுகிறது, பெரிய கேன் முதல் எல்லையையே தாண்டுகிறது. இங்கேயும் கேனின் அளவுதான் பேசுகிறது.

டாரின் காளையிலிருந்து எடுப்பதா?

1827இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் டீடமனும் க்மெலினும் எருதின் பித்தநீரிலிருந்து அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். எருதுக்கு லத்தீனில் டாரஸ், அதிலிருந்து பெயர் வந்தது. வதந்தியும் அதிலிருந்தே பிறந்தது. பானங்களில் சேரும் டாரின் வேதியியல் முறையில் தொழிற்சாலையில் தயாராவது. நம் உடம்பே கொஞ்சம் டாரினை உற்பத்தி செய்கிறது, இறைச்சியிலும் மீனிலும் உண்டு.

பல பானங்களில் 100 மி.லி.க்கு 400 மி.கி. என்ற அளவில் இருக்கிறது. பிரான்ஸ் இந்த டாரினைக் காரணம் காட்டியே 2008 வரை ரெட் புல்லை அனுமதிக்கவில்லை. சுவைக்கு அதன் பங்களிப்பு மிகக் குறைவு. விழிப்புக்கும் அதுவே காரணம் என்று நம்பி வாங்க வேண்டியதில்லை, தூக்கத்தை விரட்டுவது காஃபின்தான்.

குவாரானா, ஜின்செங், எல்-கார்னிட்டின் எல்லாம் இருந்தால் கூடுதல் பலனா?

குவாரானா மட்டும் கவனிக்க வேண்டியது. அமேசான் காட்டுக் கொடி ஒன்றின் விதை அது. காபிக் கொட்டையைவிட அதில் காஃபின் அதிகம். "இயற்கையான குவாரானா" என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தால், இன்னொரு வழியில் வந்த காஃபின் என்று படித்துக்கொள்ளுங்கள். மொத்தக் காஃபின் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதாத கேனைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

மற்றவை பட்டியலின் கடைசியில் வருகின்றன. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி எழுதுவது வழக்கம். வாசனைப் பொருளுக்கும் கீழே நிற்கும் ஒரு மூலிகையை வைத்துப் பானத்தைத் தேர்ந்தெடுப்பது வீண்.

பி வைட்டமின்தான் எனர்ஜி தருகிறதா?

உணவைச் சக்தியாக மாற்றும் வேலையில் பி வைட்டமின்களுக்குப் பங்கு உண்டு. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் விளம்பரம் ஓடுகிறது. குறைபாடு இல்லாதவர் கூடுதலாகக் குடித்தால் கூடுதல் சக்தி வராது, சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும், அது பி2. பி6 மட்டும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. நீண்ட நாள் அதிகமாகப் போனால் கை கால் நரம்புகளில் மரத்துப்போகும் உணர்வு வரலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான உச்ச அளவை ஒரு நாளைக்கு 12 மி.கி. என்று இறக்கியது. தினமும் கேன் குடித்து, கூடவே வைட்டமின் மாத்திரையும் எடுப்பவர்கள் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஒல்லிக் கேன் எதற்கு? சாதாரணக் கேனிலேயே தரலாமே?

250 மி.லி. ஒல்லிக் கேனின் விட்டம் 53 மி.மீ., வழக்கமான குளிர்பானக் கேனுக்கு 66 மி.மீ. ஒரே கொள்ளளவு உள்ள இரண்டு பாத்திரங்களில் உயரமானதில் அதிகம் இருப்பதாகக் கண் நம்பும். அலமாரியில் கோலாவின் பக்கத்தில் நின்றாலும் "நான் வேறு சாமான்" என்று சொல்லவும் அந்த உடல்வாகு உதவியது. கைக்குள் அடங்கும், விரல்கள் முழுதாகச் சுற்றிவரும். எனக்கு அந்த வடிவம் பிடிக்கும், காரணம் அது 250 மி.லி.யில் நின்றுவிடுவது.

ஒரு காலிக் கேனை வெட்டிப் பாருங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை வேண்டும். பக்கச்சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன்தான். அவ்வளவு மெல்லிய தகடு நிமிர்ந்து நிற்பது உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தத்தால். திறந்ததும் கேன் லொடலொடவென்று ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருப்பதும் அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான். சரி, கேஸ் இல்லாத பானத்தை எப்படிக் கேனில் அடைக்கிறார்கள்? மூடுவதற்குச் சற்று முன்பு ஒரு சொட்டு திரவ நைட்ரஜனை விடுகிறார்கள். அது ஆவியாகி உள்ளிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

உள்பக்கம் விரலால் தடவினால் வழவழப்பாக ஒரு பூச்சு தெரியும். எனர்ஜி டிரிங்க் நல்ல அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 3 அளவுக்குக்கூட இறங்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). பூச்சு இல்லாவிட்டால் அலுமினியத்தை அரித்துவிடும். இந்தப் பூச்சுகளில் பல ஆண்டுகள் பயன்பட்ட பிஸ்ஃபினால் ஏ என்ற பொருளை உணவைத் தொடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை செய்து, மாறுவதற்குக் கால அவகாசம் கொடுத்தது.

கேன், கண்ணாடி, பிளாஸ்டிக்: எதில் சுவை நன்றாக இருக்கும்?

கேஸ் தங்குவதற்கும் வெளிச்சம் படாமல் இருப்பதற்கும் கேன். பி2 வெளிச்சத்தில் சிதைந்துவிடும். பழைய டானிக் பாட்டில்கள் பழுப்பு நிறமாக இருந்ததில் காரணம் இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி போடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதன் சுவர் வழியாகக் கேஸ் மெல்லக் கசியும், காலாவதித் தேதிக்குப் பக்கத்தில் வாங்கினால் சப்பென்று இருக்கும். கண்ணாடி எந்தச் சுவையையும் கொடுக்காது, எடுக்காது. எடை அதிகம், உடையும்.

"கேனில் உலோகச் சுவை" என்று சொல்பவர்கள் டம்ளரில் ஊற்றிப் பார்க்கட்டும். உள்ளே பூச்சு இருப்பதால் பானம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. தொடுவது உங்கள் உதடு.

கேன் மேல் உள்ள எழுத்தில் எதை நம்பலாம்?

முன்பக்கத்து நகக்கீறலும் மின்னலும் கொம்பும் வேகத்தைப் பற்றிய படங்கள், தகவல் இல்லை. கேனைத் திருப்புங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் காஃபின் இருக்கும் பானங்களில் அதிகக் காஃபின் கொண்டது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கப்படவில்லை என்று எழுதி, 100 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்றும் போட வேண்டும். நல்ல விதி. என்னைக் கேட்டால் முழுக் கேனுக்கான எண்ணையும் அதே வரியில் பெரிதாகப் போடச் சொல்வேன். 100 மி.லி. மட்டும் குடித்துவிட்டு யாரும் கேனை வைப்பதில்லை.

சின்ன ஷாட் பாட்டில் பரவாயில்லையா?

57 மி.லி. மட்டுமே உள்ள 5-ஹவர் எனர்ஜியில் 200 மி.கி. காஃபின், சர்க்கரை இல்லை. இரண்டு மடக்கில் முடிந்துவிடும். சுவை என்று சொல்ல அதிகம் இல்லை, மருந்துதான். சின்னப் பாட்டில் என்பதால் இரண்டாவதைத் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள்.

மாலையில் குடிக்கலாமா?

காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு 160 மி.கி. குடித்தால், இரவு 11 மணிக்கு ஒரு முழுச் சின்னக் கேன் அளவு இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாலை ஒப்பீட்டுக்காகப் பெரிய கேனை முழுதாகக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்க, விடியற்காலை 2 மணி வரை விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். அதன் பிறகு மதியம் 1 மணியோடு என் சுவைப் பரிசோதனை முடிந்துவிடும்.

மதுவோடு கலந்தால்?

வேண்டாம். காஃபின் போதையைக் குறைக்காது, போதை ஏறுவது தெரியாமல் மறைக்கும். காஃபின் சேர்த்து விற்ற மதுபானங்களைப் பாதுகாப்பற்றவை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 நவம்பரில் நாலு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இதனால்தான்.

யார் தொடவே கூடாது?

பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், பதற்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்கள். லிதுவேனியா 2014இலும் போலந்து 2024 ஜனவரியிலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதைத் தடை செய்தன. சர்க்கரை இல்லாத கேனும் இந்தப் பட்டியலுக்குள்தான் வரும். பெற்றோர் பலர் "சுகர்-ஃப்ரீதானே" என்று விட்டுவிடுகிறார்கள், காஃபின் அதே அளவு அங்கே இருக்கிறது.

பல்லுக்குக் கெடுதல் உண்டா?

உண்டு, சர்க்கரை இல்லாத வகையிலும் உண்டு, அமிலத்தால். ஒரு கேனை இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பது மோசம். குடித்ததும் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

நீங்கள் எதை வாங்குவீர்கள்?

சுவைக்கு என்றால் 250 மி.லி. ரெட் புல். புளிப்பும் இனிப்பும் ஒன்றாக முடிகின்றன, கேஸ் போன பிறகும் தடுமாறாத பானம். சர்க்கரை வேண்டாம் என்றால் எரித்ரிட்டால் கலந்த சிட்ரஸ் வகை. அந்தப் பழத்தின் இயல்பான கசப்போடு காஃபினின் கசப்பு ஒட்டிக்கொள்வதால் மறைக்க வேண்டியதே குறைகிறது. பெரிய கேன் வாங்கினால் இரண்டு பேர், இரண்டு டம்ளர்.

பாதி மிச்சம் வைத்த கேனை மறுநாள் குடிக்கலாமா?

கேனோடு வைக்க வேண்டாம். மூடி இறுக்கமாக உள்ள சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி, மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். மேலே காலி இடம் குறைவாக இருந்தால் கேஸ் அதிகம் வெளியேறாது. மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். உறைபெட்டியில் மட்டும் மூடிய கேனை வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், குழிந்த அடிப்பாகம் வெளியே பிதுங்கிக் கேன் வெடித்தால் பிசுபிசுப்பைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆகும்.